சீரும் ஊடலும்: தலைதீபாவளிக் காதல் கதைகளின் இன்பமும் எல்லையும்

சென்னைக் கோட்டூர்புரத்தில் இருவகைக் குடியிருப்புகள் அருகருகே உள்ளன. வீட்டுவசதி வாரியம் கட்டிய அடுக்ககங்களும் அவற்றைச் சூழ்ந்த தனிவீடுகளும் ஒருவகை. அடையாற்றின் கரையோரம் குடிசை மாற்று வாரியம் எழுப்பிய குடியிருப்புகள் மற்றொருவகை. முன்னவை தீபாவளி மலர்களின் வாசகர்கள் வாழ்ந்துவந்த வீடுகள். அவ்வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும் தரை துடைக்கவும் பின்னவற்றிலிருந்து பெண்கள் வருகின்றனர். இரண்டிலிருந்தும் நடந்து செல்லும் தொலைவில், 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. தீபாவளி மலர்களில் வெளிவந்த காதல் கதைகளைப் பற்றிப் பேசுவதற்கு இவ்விடம் பொருத்தமானது. அக்கதைகள் யார் வீட்டில் நிகழ்கின்றன, யார் வீட்டில் நிகழ்வதில்லை என்னும் வினாவை அந்நூலகத்தின் படியில் நின்றே எழுப்பலாம்.

ஆனந்த விகடன் (1926), கலைமகள் (1932), கல்கி (1941), அமுதசுரபி (1948) ஆகிய இதழ்கள் தீபாவளிக்குத் தனி மலர் வெளியிடுவதை ஒரு வழக்கமாகவே நிலைநிறுத்தின. தெய்வப் படங்கள், அருளுரை, கோயில் கட்டுரை, பயணக் கட்டுரை, நகைச்சுவைத் துணுக்கு, பட்டுப்புடவை விளம்பரம் ஆகியவற்றுக்கு நடுவே சிறுகதைகள் இடம்பெற்றன. அவற்றுள் காதல் கதைகளுக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. காதல் கதைகளுள் தீபாவளிக்கே உரியதாக அமைந்தது தலைதீபாவளிக் கதை. மணமான பின் வரும் முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளை மனைவியுடன் மாமனார் வீட்டுக்கு வருகிறான். அங்கு இருவருக்குமிடையே ஒரு மனத்தாங்கல் தோன்றுகிறது. கங்காஸ்நானத்துக்குள்ளோ முதல் வெடி வெடிப்பதற்குள்ளோ அது தீர்கிறது. இதுவே அதன் சட்டகம். மேலைநாட்டுக் கிறிஸ்துமஸ் காதல் கதை பெரும்பாலும் மணத்துக்கு முந்திய சந்திப்பைத் தேடிப்போகிறது. தமிழ் மலரின் காதல் கதை மணத்துக்குப் பிந்திய முதல் விருந்திலேயே தொடங்குகிறது. அகமரபின் சொல்லில் கூறினால், அது களவைச் சொல்லவில்லை, கற்பைச் சொல்கிறது.

சிறுகதை வரலாறு எழுதியோர் பெரும்பாலும் மணிக்கொடியில் தொடங்கிச் சிற்றிதழ்களின் வழியே நடந்து இக்காலத்தை வந்தடைந்தனர். அவ்வழியில் மலர்க் கதைகள் தென்படுவது அரிது. ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரு சொல்லே அவற்றை ஒதுக்கப் போதுமானதாயிற்று. பிற்காலத்தில் வெகுசன இலக்கிய ஆய்வு வந்தபோது, அவை கருத்தியலுக்குச் சான்றாக மட்டும் எடுக்கப்பட்டன. இன்பம் தருவன என்ற முறையில் வாசிக்கப்படவில்லை. இவ்விரு போக்குகளும் ஒரே பிழையின் இரு முகங்கள். தலைதீபாவளிக் கதையின் இன்பம் எவ்விடத்தில் பிறக்கிறதோ அவ்விடத்திலேயே அதன் எல்லையும் பிறக்கிறது. இரு குடும்பங்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலை இரு மனங்களுக்கு இடையிலான ஊடலாக மாற்றிக் காட்டுவதே அவ்விடம். இன்பத்தை உணராத ஆய்வாளருக்கு அம்மாற்றம் கண்ணில் படாது. இன்பத்தோடு நின்றுவிடுபவருக்கு அதன் விலை கண்ணில் படாது.

பிறந்த வீட்டின் இன்பம்

முதலில் இன்பத்தைச் சொல்ல வேண்டும். பெரியோர் பார்த்து முடித்த மணத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அறிவதற்குக் கிடைத்த காலம் சிறிது. பெண் பார்த்த நாளில் இரண்டொரு சொல், மணநாளில் ஓமப்புகை, அதன்பின் புகுந்த வீட்டின் ஓயாத கண்கள். தலைதீபாவளி இந்நிலையை ஒரு நாளைக்குத் தலைகீழாக்குகிறது. இப்போது பெண் தன் வீட்டில் இருக்கிறாள், ஆண் விருந்தினன். எண்ணெய்க் கிண்ணம் எங்கிருக்கிறது, வெந்நீர்த் தவலையில் நீர் மொள்ளும் செம்பு எது, மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாள் எப்படித் திறக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவளைத் தங்கை ஒரு செல்லப்பெயரால் அழைக்கிறாள். சுவரில் அவள் பள்ளியில் வாங்கிய சான்றிதழ் தொங்குகிறது. அலமாரியில் அவள் பெயர் எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. தன் மனைவிக்குத் தான் அறியாத இருபது ஆண்டு வாழ்வு ஒன்று இருந்தது என்று கணவன் முதன்முதலாக உணரும் இடம் இதுவே. இவ்வகைக் கதைகளில் தேர்ந்தவை இந்த ஒரு கணத்துக்காகவே எழுதப்பட்டவை எனலாம். காதல் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே காதல் பிறக்கும் கணம் அது.

கூட்டமே இன்னொரு இன்பம். வீடு முழுதும் உறவினர், தனியிடம் இல்லை. மருந்து உருண்டையைக் கையில் வைக்கும்போது விரல் படுவதும், புதுத்துணியின் மூலையில் தடவிய மஞ்சள் சட்டையில் ஒட்டிக்கொண்டதை அவள் மட்டும் கவனிப்பதும் பெரிய நிகழ்ச்சிகளாகிவிடுகின்றன. மச்சினன் மத்தாப்புடன் குறுக்கே ஓடுவான். மாமியார் காப்பியுடன் வருவார். தடையே சுவையை வளர்க்கிறது. அகப்பாடலில் இற்செறிப்பும் காவலும் செய்த பணியை இங்கே உறவினர் கூட்டம் செய்கிறது.

இக்கதைகளின் வாசகர்களுள் பெண்கள் மிகுதி. பட்சணம் செய்து முடித்து, அடுப்படியைக் கழுவிவிட்டு, கூடத்தில் கால் நீட்டி அமர்ந்து படித்த வாசிப்பு அது. ஒரு வீட்டில் வாங்கிய மலர் பல வீடுகளுக்குப் போய்த் திரும்பியது; சில வேளைகளில் பொங்கலுக்கே திரும்பியது. அவ்வாசகிக்குத் தன் தலைதீபாவளி எப்படி நடந்தது என்பது நினைவிருக்கும். கதையில் நடந்தவாறு அது நடந்திராது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தே படித்தாள். ஏமாந்து படித்தவளாக அவளைக் கருதும் திறனாய்வு, அவளுடைய அறிவைக் குறைத்து மதிப்பிடுகிறது.

பொழுதும் ஊடலும்

எதையும் திணையில் பொருத்திக் காட்டுவது இன்றைய ஆய்வேடுகளில் ஒரு சடங்காகிவிட்டது. குளிர்பதன அறைக்குக்கூடக் குறிஞ்சி காணும் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. ஆயினும் தலைதீபாவளிக் கதையைப் பொறுத்தவரை இப்பொருத்தம் வலிந்து காண்பதன்று. அது கதையின் கட்டமைப்பையே விளக்குகிறது.

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம். தொல்காப்பியம் கூதிரையும் யாமத்தையும் குறிஞ்சிக்கு உரியவாக வகுத்தது. தீபாவளியின் உயிர்ப்பொழுதோ யாமம் கழிந்த வைகறை. வைகறையும் விடியலும் மருதத்துக்கு உரியவை. மருதத்துக்குப் பெரும்பொழுது தனித்துக் கூறப்படாமையால் உரையாசிரியர்கள் ஆறு பருவத்தையும் அதற்கு உரியவாகக் கொண்டனர். ஆகவே கூதிர் வைகறையில் நிகழும் ஊடல் மருதத்துள் அடங்கும். புணர்தலுக்குரிய குளிரைப் பின்புலமாகக் கொண்டு, ஊடலுக்குரிய பொழுதில், நிலைபெற்ற இல்லறச் சூழலில் இக்கதை நிகழ்கிறது. குளிரும் விடியலும் சேர்ந்து தரும் அந்த இரட்டைச் சுவையை எழுத்தாளர்கள் இலக்கணம் பார்த்துப் படைக்கவில்லை. நாட்காட்டியே அதை அவர்களுக்குக் கொடுத்தது.

ஊடல் தீர்க்கும் வாயில்களுள் விருந்தினரையும் தொல்காப்பியம் எண்ணுகிறது. விருந்து வந்தால் தலைவி சினத்தை மறைத்து முகம் மலர வேண்டும். அதைப் பயன்படுத்தித் தலைவன் இல்லம் புகுவான். தலைதீபாவளிக் கதையில் ஊடலுக்குக் காரணமானவனே விருந்தினன். தன் சினத்துக்கு உரியவனையே அவள் உபசரிக்க வேண்டியிருக்கிறது. பரிமாறும்போது அவள் அவனை மட்டும் பாராமல் பரிமாறுவதும், இலையில் அவனுக்குப் பிடித்த பண்டம் மட்டும் இரண்டாம் முறை விழுவதும் இந்த முரணிலிருந்து பிறப்பவை. பழைய வாயில் மரபு புதிய சூழலில் மடங்கி, ஓர் அரிய நகைச்சுவையைத் தந்திருக்கிறது.

புகை

இவ்விடத்தில் நற்றிணையின் 120ஆம் பாடலை நினைவுகூர்வது தகும். மாங்குடிகிழார் பாடிய அப்பாடலில் தலைவி விருந்துக்காக அடுக்களையில் வாளைமீனை நறுக்கிக் கொண்டிருக்கிறாள். புகை அவள் கண்களில் ஏறியிருக்கிறது. நெற்றியில் அரும்பிய வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொள்கிறாள். அவள் தன்மீது ஊடியிருப்பதை அறிந்த தலைவன், விருந்து வரட்டும், அப்போதாவது அவள் முகத்தில் சிறுமுறுவலைக் காணலாம் என்று விழைகிறான்.

மலர்க் கதைகளில் இல்லாதது இந்தப் புகைதான். தலைதீபாவளி நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு வெந்நீர் கொதித்தபடியே இருக்கிறது. அதற்கு அடுப்பு மூட்டியவர் யார் என்று கதை சொல்வதில்லை. மருந்து கிளறப்பட்டே வருகிறது. முறுக்குப் பிழிந்த கையின் வலி தெரிவதில்லை. சுமார் ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஓர் ஊடற் பாடல் தன் சிறு அளவுக்குள் மீனையும் புகையையும் வியர்வையையும் கொண்டுவந்துவிட்டது. பல பக்கங்களில் அச்சான ஊடற் கதைக்கு அவற்றுக்கு இடமில்லாமற் போயிற்று. பண்டிகைக் கதை அழகை மட்டுமே காட்டும், உழைப்பைக் காட்டினால் அழகு கெடும் என்று கூறுவோருக்கு நற்றிணையே மறுமொழி. அப்பாடலில் வியர்வையும் அழகின் பகுதியாகவே நிற்கிறது.

நற்றிணைப் பாடலும் முற்றும் களங்கமற்றதன்று. வியர்வையைப் பார்ப்பவன் தலைவன். அவ்வியர்வை அவனுக்கு இன்பம் தருகிறது. அவளுடைய சினத்தை அடக்க அவன் விருந்து என்னும் கடமையைத் துணைக்கழைக்கிறான். அடுக்களையைப் பெண்ணின் பக்கத்திலிருந்து எழுதத் தமிழ்ச் சிறுகதை அம்பை வரை காத்திருக்க நேர்ந்தது. 1988இல் தொகுப்பாக வந்த ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’க்குப் பின்னர் மலர்க் கதையின் புகையற்ற அடுக்களையை முன்போல் வாசிப்பது இயலாததாயிற்று. அதனால் அக்கதைகள் மதிப்பிழந்துவிட்டன என்பதில்லை. அவற்றில் எழுதப்படாத ஒன்று இருக்கிறது என்பது வெளிப்படையாயிற்று.

சீர் எவ்வாறு ஊடலாகிறது

சங்க மருதத்தில் ஊடலுக்குக் காரணம் பரத்தையிற் பிரிவு. நடுத்தர வீட்டின் மலர்க் கதையில் பரத்தைக்கு இடமில்லை. ஆசிரியர் குழு அதற்கு உடன்பட்டிராது. ஆகவே ஊடலுக்கு வேறு காரணம் தேவைப்பட்டது. விடுப்புக் கிடைக்காமை, கடிதம் தாமதித்தல், மாமியார் சொன்ன ஒரு சொல் ஆகியன காரணங்களாகின. எல்லாவற்றையும்விட வசதியாகக் கிடைத்த காரணம் சீர். மோதிரம் எடை குறைந்துவிட்டது; கைக்கடிகாரம் வரவில்லை; வேட்டியின் கரை மாறிவிட்டது; ஸ்கூட்டர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை முறுக்கிக்கொள்கிறான். தலைதீபாவளி மாப்பிள்ளையின் முறுக்கு, மலர்களின் நகைச்சுவைத் துணுக்குகளுக்கும் கேலிச்சித்திரங்களுக்கும் வற்றாத ஊற்று. கதைகளும் அவ்வூற்றிலேயே நீர் மொண்டன.

இங்கே நுட்பமாக ஒன்று நிகழ்கிறது. மாப்பிள்ளை எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் அவன் தாழ்ந்துவிடுவான்; காதலனாக நிற்க முடியாது. ஆகவே அவன் முகம் மட்டும் வாடுகிறது. அவ்வாட்டத்தைக் கதை ஊடலின் மொழியில் எழுதுகிறது: காப்பியைத் தொடவில்லை, திண்ணையிலேயே அமர்ந்திருந்தான், அவள் அழைத்தபோது திரும்பவில்லை. வாசகியின் மனம் இருவரும் சேர வேண்டும் என்று விழைகிறது. அச்சேர்க்கைக்கு வழி, தந்தை பொருளைக் கொண்டுவருவதோ, மாப்பிள்ளையே பெருந்தன்மையாக வேண்டாமென்று சொல்வதோ ஆகும். இரண்டாவது முடிவே மிகுதி, அதுவே இனியது. ஆனால் இரண்டிலும் கேட்கப்படாத அக்கேள்வி நியாயமானதாகவே எஞ்சிவிடுகிறது. ஒன்றைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பதற்கு அது முதலில் தனக்கு உரியதாக இருக்க வேண்டுமன்றோ?

சட்டமும் இதே இடத்தில்தான் தடுமாறியது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் மணத்துக்கு முன்னும் மணத்தின்போதும் பின்னும் பொருள் கேட்பதைக் குற்றமாக்கியது. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்தது. கேட்கப்படாமல் வழக்கப்படி தரப்படும் அன்பளிப்புகளுக்குப் பின்வந்த திருத்தம் விலக்களித்தது. கேட்டது எது, கேளாமல் தந்தது எது என்னும் கோட்டின் மீதுதான் தலைதீபாவளி மாப்பிள்ளை அமர்ந்திருக்கிறான். முக வாட்டத்தைச் சட்டம் பதிவுசெய்ய இயலாது. முக வாட்டத்தைத் தவிர வேறெதையும் கதை பதிவுசெய்ய விரும்பவில்லை.

ஓ. ஹென்றியின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையை இதனோடு ஒப்பிடலாம். 1905இல் வெளிவந்த அக்கதையில் மனைவி தன் கூந்தலை விற்றுக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். கணவன் கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்குகிறான். தமிழ் வாசகருக்கு அது பாடநூல்கள் வழியாகவும் பழக்கமானது. அங்கும் வறுமை உண்டு, பரிசு உண்டு, விலை உண்டு. மனைவியின் கையில் எவ்வளவு காசு இருந்தது என்பதைக் கதை தொடக்கத்திலேயே எண்ணிச் சொல்லிவிடுகிறது. பரிசு இருவருக்கு இடையே செல்கிறது, இழப்பும் இருவருடையதே. தலைதீபாவளிக் கதையில் பரிசு ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் செல்கிறது. இழப்பு ஒரு வீட்டுக்கு மட்டும். அத்தொகை பெரும்பாலும் எண்ணிச் சொல்லப்படுவதில்லை. மாமனார் எங்கே கடன் வாங்கினார், அடுத்த மகளின் மணத்துக்கு அவர் கையில் என்ன மிஞ்சியது என்பன கதை முடிந்த பின் தொடங்கும் கதைகள்.

பண்டிகைக் கதையிடம் இவ்வளவு கேட்பது முறையா என்று வினவலாம். ஒரு நாள் மகிழ்ச்சிக்காக எழுதப்பட்டதன்மேல் சமூகவியலின் சுமையை ஏற்றுவதாகவும் தோன்றலாம். ஆனால் இச்சுமையைக் கதைக்கு வெளியிலிருந்து யாரும் கொண்டுவரவில்லை. மோதிரத்தைக் கதையே கொண்டுவந்தது. அதன் எடையைப் பற்றிக் கதாபாத்திரங்களே பேசுகின்றன. கதையின் நடுவில் வைக்கப்பட்ட பொருளைத் திறனாய்வாளர் மட்டும் காணாததுபோல் கடந்து செல்ல வேண்டுமென்பது விந்தையான மரியாதை.

வேறொரு வீட்டு வாசல்

இந்தச் சட்டகத்தை உள்ளிருந்தே புரட்டிய கதை ஒன்று உண்டு: கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. அதில் செல்வர் வீட்டில் தலைதீபாவளி நடக்கிறது. ஜமீன் மாப்பிள்ளை வந்திருக்கிறார். அவரை அவ்வீட்டுச் சிறுவன் ராஜா என்று பெருமையாகச் சொல்கிறான். மலர் மரபின்படி கதை அந்த மாளிகைக்குள் நுழைந்திருக்க வேண்டும். பட்டும் சீரும் முறுக்கும் ஊடலும் எல்லாம் அங்கே ஆயத்தமாக இருக்கின்றன. அழகிரிசாமி அங்கே நுழையவில்லை. ஏழைத் தாய் தாயம்மாளின் வீட்டு வாசலுக்கு வருகிறார். அங்கே தீபாவளிக்கு முன்னிரவில் ராஜா என்னும் பெயருடைய ஓர் அநாதைச் சிறுவன் வந்து நிற்கிறான். உடம்பில் சிரங்கு, இடுப்பில் சரியான துணி இல்லை. தாயம்மாள் அவனையும் தன் பிள்ளைகளோடு வைத்துக்கொள்கிறாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். வீட்டுக்காரருக்கென வாங்கிய துண்டை அவனுக்கு உடுத்துகிறாள். மறுநாள் சிறுமி மங்கம்மாள், தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சொல்கிறாள்.

காதல் கதையன்று என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. தலைதீபாவளிக் கதையின் உறுப்புகள் அனைத்தும் இதில் உள்ளன: வந்த விருந்தினன், எண்ணெய்க் குளியல், புதுத்துணி, கொடை. ஒவ்வொன்றும் தன் விலையோடு வருகிறது. துணி எத்தனை பேருக்கு வாங்கப்பட்டது, யாருக்கு இல்லாமற் போகும் என்பதை வாசகர் அறிவர். எண்ணெய் தேய்க்கும் கைக்குச் சிரங்கின் எரிவு தெரிகிறது. அதனால் பண்டிகை வாடிவிடவுமில்லை. அக்கதையின் மகிழ்ச்சி எந்த மலர்க் கதையின் மகிழ்ச்சிக்கும் குறைந்ததன்று. கணக்கு எழுதினால் இன்பம் கெடும் என்னும் அச்சத்துக்கு இடமில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கோட்டூர்புர நூலகம் யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த அண்ணாவும் ‘செவ்வாழை’யில் இதையே வேறு வகையில் செய்தார். பண்ணையார் வீட்டு விழாவுக்குச் சென்ற வாழைக்குலையை, அம்மரத்தை வளர்த்த உழவன் வீட்டிலிருந்து பார்த்தார். தீபாவளியை ஏற்காத திராவிட இயக்கம் பொங்கல் மலர்களைத் தன் மேடையாக்கிக்கொண்டதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. பண்டிகையை மாற்றினால் காதல் கதையின் சட்டகம் மாறிவிடுமா என்பது தனி ஆய்வுக்குரிய வினா. பொங்கலுக்கும் பிறந்த வீட்டிலிருந்து சீர் செல்கிறது என்பதை அவ்வாய்வு மறக்கலாகாது.

பக்கத்தின் மறுபாதி

இவற்றையெல்லாம் ஆராய மூலங்கள் வேண்டும். மலர்கள் கனமானவை, வழவழப்பான தாளில் அச்சானவை, வார இதழ்களைவிட அவை நெடுநாள் வீட்டில் இருந்தன. ஆயினும் வீடுகள் சிறுத்தன. பரண்கள் இல்லாத அடுக்ககங்கள் வந்தன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்தின் தரைத்தளங்களுக்குள் புகுந்தபோது அவ்வீடுகளிலிருந்த பழைய தாள்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கல்கி 2020இல் வார அச்சிதழை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1994இல் அமைந்து இன்று தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற சில இடங்களே பழைய இதழ்களைத் தேடுவோர்க்குப் புகலிடம். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தத்தம் ஊர்களில் எஞ்சியுள்ள மலர்களைத் தொகுத்துப் பட்டியலிடுவதை இனியும் தள்ளிப்போடலாகாது. ஒரு மாணவர் குழு ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி அது.

தொகுக்கும்போது கதையை மட்டும் வெட்டியெடுத்துப் படியெடுப்பதைத் தவிர்க்க வேண்டும். எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுதிகள் அவ்வாறுதான் உருவாயின. அவற்றில் மலர்ப்பக்கம் காணாமற்போயிற்று. மலரில் ஊடல் கதையின் பாதியில் ‘தொடர்ச்சி’ என்று குறித்து வாசகியைப் பின்பக்கத்துக்கு அனுப்புவர். போகும் வழியில் நகைக்கடை விளம்பரமும் பட்டுக்கடை விளம்பரமும் குறுக்கிடும். மாப்பிள்ளையின் முகம் வாடியதற்கும் அவன் முகம் மலர்ந்ததற்கும் இடையே மோதிரத்தின் படம் இருந்தது. கதை சொல்லாமல் விட்ட விலையை அடுத்த பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. வாசகி இரண்டையும் சேர்த்தே படித்தாள். ஆய்வாளரும் அவ்வாறு படித்தால்தான் அவள் என்ன படித்தாள் என்பது விளங்கும்.

அவ்வாசகியின் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த பெண், மலர்க் கதைகளில் வந்தாள் என்றால், தீபாவளிப் புடவை வாங்கிக்கொண்டு ஒரு வரியில் வாழ்த்திவிட்டுப் பின்வாசல் வழியே போய்விடுகிறாள். அவள் சென்று சேரும் ஆற்றங்கரைக் குடியிருப்பிலும் தலைதீபாவளி உண்டு. அங்கும் மகள் கணவனுடன் வருவாள். ஒற்றை அறையில் அவர்களுக்குத் தனியிடம் விடுவதற்காக வீட்டார் மாடிப்படிகளில் அமர்ந்து இரவைக் கழிப்பர். அங்கும் ஒரு முகம் வாடும், விடியுமுன் தெளியும். மாப்பிள்ளைக்கு எடுக்க வேண்டிய மோதிரத்துக்காக அத்தாய் தான் வேலைசெய்யும் வீட்டிலேயே முன்பணம் கேட்டிருப்பாள். அவள் கேட்டு நின்ற கூடத்தில், மேசையின்மேல், அவ்வாண்டின் மலர் விரித்தபடி கிடந்திருக்கும்.